சுவரிலிருந்து இறங்கும் படத்துக்கு என்ன விலை?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குகள், பீங்கான் சாடிகள், தேக்குக் கதவுகள் எல்லாவற்றுக்கும் நடுவில், சுவரோடு சாய்த்து, கண்ணாடி போட்ட படங்கள். பங்காளிகள் பிரியும்போதோ, பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாமல் இடிக்கும்போதோ, வீட்டுச் சாமான்களோடு சேர்ந்து இங்கே வந்தவை. விற்றவர்கள் பெரும்பாலும் தனித்தனியாக விலை பேசியிருக்க மாட்டார்கள். ‘படம் இருபது இருக்கிறது, மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

அந்த இருபதில் என்னென்ன இருந்திருக்கலாம் என்பதுதான் கேள்வி. நூறு ஆண்டுக்கு முந்தைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கலாம். ரவிவர்மா அச்சகத்தின் பழைய வண்ண அச்சுகள் நாலைந்து இருக்கலாம். கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் காலண்டராக அச்சான சாமி படங்கள் இருக்கலாம். போன வருடம் பிரின்ட் போட்டுப் பழைய சட்டத்துக்குள் செருகிய நகலும் இருக்கலாம். இவற்றின் விலைக்கு இடையே உள்ள வித்தியாசம் நூறு மடங்குக்கு மேல் போகும். வாங்குகிறவருக்கு அது தெரியும், விற்கிறவருக்குத் தெரியாது. பழைய படங்களின் மறுவிற்பனையில் பணம் கைமாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அதை விற்கிறவர் பக்கத்திலிருந்து கொஞ்சமாவது குறைக்க முடியும் என்பதால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ரவிவர்மாவைப் பார்ப்போம். தமிழ் வீடுகளில் அதிகம் புழங்குவதும், அதிகம் குழப்புவதும் அவர் பெயர்தான்.

ராஜா ரவிவர்மா (1848–1906) கையால் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்கள் அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் சில பெருஞ்செல்வர்களிடமும் இருக்கின்றன. நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் அவற்றின் அச்சுகள். திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த, கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ்தான், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடலாமே என்று ரவிவர்மாவுக்கு யோசனை சொன்னவர். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கிவிட்டார். பின்னர் அது லோனாவலாவுக்குப் பக்கத்தில் உள்ள மளவ்லிக்கு இடம் மாறியது. 1903-இல், அங்கே வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் அதை விற்றார்கள். ரவிவர்மா மறைந்த பிறகும் அச்சகம் நெடுங்காலம் ஓடியது. 1972-இல் தீயில் அழிந்தது. ஆக, ‘ரவிவர்மா பிரஸ்’ என்று அடியில் அச்சாகியிருக்கும் எல்லாப் படமும் ரவிவர்மா வரைந்ததல்ல. படத்துக்குள்ளேயே தெரியும் அவருடைய கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானதே. அதைக் காட்டி ‘ஒரிஜினல் ரவிவர்மா’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அதே நேரத்தில், அச்சுதானே என்று தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. அந்தக் காலத்து அச்சு கல்லச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். கல்லின் மேல் புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல தடவை தாளில் ஏற்றுவார்கள். பிறகு வார்னிஷ் பூசுவார்கள். சிலவற்றில் கான்வாஸ் போலத் தெரியும்படி மேற்பரப்பை அழுத்தி நெசவுத் தடம் பதிப்பார்கள்.

பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து அம்மனின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். சில பெரிது, சில சிறிது. வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பில் புள்ளிகள் நூல் பிடித்ததுபோல வரிசையாக, சின்னச் சின்ன வட்டப் பூக்களாகத் தெரியும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அடுத்துக் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டிவிட்டிருந்தால் மதிப்பு கணிசமாகக் குறையும். செட்டிநாட்டில் கிடைக்கும் சில படங்களில் தெய்வத்தின் புடவை மேல் ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்தோ ஒட்டியோ இருப்பார்கள். வீட்டுப் பெண்கள் செய்த அந்த வேலைக்காகவே தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அழுக்காக இருக்கிறதே என்று அதைப் பிய்த்து எறிந்துவிட்டு விற்பதுபோல நஷ்டமான காரியம் வேறில்லை.

அச்சு என்றாலே நகல் என்று நினைப்பதும் தவறு. ஓவியரே செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, மை தடவி, தானே நின்று அழுத்தி எடுக்கும் எட்சிங் போன்றவை மூலப் படைப்புகள். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித்கலா அகாதெமியின் வட்டார மையத்தில் இதற்கென்றே பட்டறை இருக்கிறது. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் பதிப்போவியத்தில் நாடறிந்தவர். இப்படிப்பட்ட படங்களில் அடி ஓரத்தில் பென்சிலால் 12/50 என்பதுபோல எழுதியிருக்கும். மொத்தம் ஐம்பது பிரதிகள், இது பன்னிரண்டாவது என்று பொருள். வலப்பக்கம் பென்சில் கையெழுத்து. எண்ணுக்குப் பதிலாக ஏ/பி என்று இருந்தால், ஓவியர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட பிரதி. எட்சிங் என்றால் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும், விரல் நுனிக்கே தெரியும். அந்தப் பள்ளம் இல்லாமல், எண்ணும் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருந்தால், கையில் இருப்பது படைப்பின் புகைப்பட நகல்.

படத்தைப் பார்த்தாயிற்று என்றால் திருப்பிப் பாருங்கள். விலையில் பெரும்பகுதி பின்பக்கத்தில் இருக்கிறது. கேலரியின் சீட்டு, கண்காட்சி எண், சட்டம் போட்ட கடையின் முத்திரை, ‘அன்புடன்’ என்று எழுதிய ஒரு வரி இவை எல்லாமே படம் எங்கிருந்து எங்கே வந்தது என்பதற்குச் சாட்சி. சட்டம் மாற்றக் கொடுக்கும்போது கடைக்காரர் பழைய பின்னட்டையைக் கழற்றிக் குப்பையில் போடுவது வழக்கம். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பில், ஓவியர் எழுதிய கடிதம், அந்தப் படம் அச்சான கண்காட்சிக் கையேடு, படம் சுவரில் மாட்டியிருக்கும்போது எடுத்த கல்யாண ஃபோட்டோ எதையும் விட வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, எந்த ஆண்டு, யாரிடம் வாங்கியது என்று தேதி போட்டு எழுதி வைப்பதும் உதவும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், போலிகள் அவ்வளவு. 2011-இல் கொல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் ரவீந்திரநாத் தாகூரின் படங்கள் என்று காட்சிக்கு வைத்த இருபது படங்களும் போலி என்று தெரியவந்தது. ஒரு கல்லூரியே ஏமாறுகிறது என்றால் தனியாள் எம்மாத்திரம்? ஜாமினி ராயின் விஷயம் இன்னும் சிக்கல். தன் படம் சாதாரண மக்களுக்கும் எட்ட வேண்டும் என்பதற்காகப் பட்டறையில் மற்றவர் கையையும் சேர்த்துக்கொண்டு நிறையப் படைத்தவர் அவர். அங்கே கையெழுத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புழக்கத்தில் வந்த வழி தெரியாத படத்தை நல்ல ஏல நிறுவனங்கள் தொடவே தயங்குகின்றன.

எங்கே விற்பது? கடையில் விற்றால் அன்றே காசு கிடைக்கும், ஆனால் கடைக்காரர் வாடகையும் காத்திருப்பும் கழித்துத்தான் விலை சொல்வார். அதில் தவறில்லை. கேலரியில் கொடுத்தால் விற்ற பிறகு கமிஷன் போக மீதி வரும், மாதக்கணக்கில் ஆகலாம். ஏலத்தில் மதிப்பீட்டு விலை ஒன்று அச்சிடுவார்கள், அதற்கும் அடியில் இதற்குக் குறைந்து தருவதில்லை என்ற ரகசிய விலை ஒன்று இருக்கும். செய்தித்தாளில் நாம் படிக்கும் ஏலத் தொகையில் வாங்குபவர் நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும். விற்றவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஏலத்தில் ஒரு தடவை விலை போகாமல் திரும்பிய படத்தை மறுவருடம் விற்பது கடினம். எனவே அதிக மதிப்பீடு சொல்பவரிடம் ஓடுவது புத்திசாலித்தனம் அல்ல. இரண்டு இடங்களில் காட்டி, எழுத்தில் மதிப்பீடு வாங்கி ஒப்பிடுவதே நல்லது.

சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த ஓவியமோ கைவினைப் பொருளோ தொல்பொருள். உள்நாட்டில் விற்கலாம். ஆனால் தாளிலும் துணியிலும் மரப்பலகையிலும் வரைந்த பழைய ஓவியங்களைப் பதிவு செய்திருக்க வேண்டும், அதை வியாபாரமாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குத் தாத்தா வீட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ணரைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினாலும் அது ஏற்றுமதிதான். படம் அவ்வளவு பழையதல்ல என்றால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றைப் பெற்ற பிறகு அனுப்ப வேண்டும்.

ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை, நூறு ஆண்டு ஆகாவிட்டாலும், கலைப் பொக்கிஷம் என்று அரசு அறிவித்திருக்கிறது. ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், தாகூர் குடும்பத்து மூவர், நிக்கலஸ் ரோரிக், சைலோஸ் முகர்ஜி. இவை நாட்டைவிட்டு வெளியேற முடியாது. ஷெர்கில்லின் ‘கதை சொல்பவர்’ 2023-இல் டெல்லி ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது இந்த வேலிக்குள் நடந்த விற்பனைதான். எம்.எஃப். ஹுசைன் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய ‘கிராம யாத்திரை’யை 1954-இல் டெல்லியில் ஒரு மருத்துவர் வாங்கி நார்வேக்கு எடுத்துச் சென்றார். ஆஸ்லோ மருத்துவமனைச் சுவரில் பல பத்தாண்டுகள் இருந்த அந்தப் படம் 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 1.37 கோடி டாலருக்கு மேல் விலைபோனது.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுச் சாமான்தானே என்று நினைக்கக் கூடாது. ஓவியத்தை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்ததென்றால் 12.5 விழுக்காடு. பரம்பரையாக வந்தது என்றால் முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்ததென்றால் அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது.

இனி, இந்த வியாபாரத்தில் யாருமே பேசாத ஒருவர் இருக்கிறார். வரைந்தவர்.

பிரான்ஸில் ஓவியர் மில்லே 1875-இல் இறந்தார். அவருடைய ‘ஆஞ்சலஸ்’ 1889-இல் ஐந்தரை லட்சம் பிராங்குக்கு ஏலம் போனபோது அவர் குடும்பம் வறுமையில் இருந்தது. அதைப் போன்ற கதைகள் எழுப்பிய கொந்தளிப்பில், ஒவ்வொரு மறுவிற்பனையிலும் ஓவியருக்கு ஒரு பங்கு என்று 1920-இல் அங்கே சட்டம் வந்தது. நம் நாட்டிலும் அந்த உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 1994-இல் சேர்த்தது. மூல ஓவியமோ சிற்பமோ கோட்டோவியமோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுபடி விற்றால், ஓவியருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு உண்டு, பத்து விழுக்காட்டுக்கு மிகாமல். ஓவியர் இறந்து அறுபது ஆண்டு வரை இது செல்லும். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் வாரிசுகளுக்கு 2037 முடியும்வரை, கே.எம். ஆதிமூலத்தின் குடும்பத்துக்கு 2068 வரை.

எழுத்தில் இருக்கிறது, நடப்பில் காணவில்லை. எவ்வளவு பங்கு என்பதை ஒரு வாரியம் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். அந்த வேலை ஒரு வாரியத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், 2021-இல் அதையும் கலைத்து நீதிமன்றத்திடம் விட்டார்கள். விற்பனை நடந்ததை ஓவியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்தப் பிரிவில் இல்லை. எட்சிங், மரச்செதுக்கு போன்ற பதிப்புகளைப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. சோழமண்டலத்தில் வாழ்ந்து முப்பது சொச்ச வயதில் 1973-இல் இறந்த கே. ராமானுஜத்தின் கோட்டோவியங்கள் இன்று ஏலங்களில் லட்சங்களில் போகின்றன. வாழ்ந்த காலத்தில் அவர் அந்தக் காசில் ஒரு துளியையும் பார்த்ததில்லை. இது எனக்கு ஆறாத விஷயம்.

சட்டம் கட்டாயப்படுத்தாததை விற்பவர் தானாகச் செய்யலாம். உயிரோடு இருக்கும் ஓவியரின் படத்தை விற்க நினைத்தால் முதலில் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு ஃபோன் போடுங்கள். எந்த ஆண்டு வரைந்தது, தலைப்பு என்ன என்று அவர் எழுதித் தரும் ஒரு தாள் எந்தக் கேலரியின் சீட்டையும்விடப் பலமான ஆதாரம், விலையையும் ஏற்றும். சில நேரம் அவரே திரும்ப வாங்கிக்கொள்வார். விற்ற பிறகு பங்கைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பேசிக்கொள்வதும் அந்த ஃபோனிலேயே ஆகிவிடும். வாங்குகிறவரிடமும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படம்தான் அவருடையது, பதிப்புரிமை இன்னும் ஓவியரிடம். ஓவியரைக் கேட்காமல் அதைப் போஸ்டராகவோ காலண்டராகவோ அச்சடிக்க முடியாது. ரசீதிலேயே அதை ஒரு வரியாக எழுதி, ஓவியர் பெயர், தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு, தொகை எல்லாம் போட்டு இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.