பல் விழுந்தால் பாலில் போடுங்கள்!

என் மூத்த பெண் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். புதிதாகப் பார்க்கிறவர்கள், "பொண்ணுக்கு எவ்வளவு கூச்சம்!" என்பார்கள். அது கூச்சம் இல்லை. அதற்குக் காரணம் நான்தான்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. மாடிப்படியில் ஓடி வந்தவள் கால் தடுக்கி விழுந்தாள். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு தெறித்துவிட்டது. வாய் நிறைய ரத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல்லைத் தேடி எடுத்தேன். மண் ஒட்டியிருக்கிறதே என்று குழாயடியில் பழைய பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினேன். காகிதத்தில் மடித்து அலமாரியில் வைத்தேன். ரத்தம் நின்றதும், 'காலையில் காட்டிக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் பல் டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "நேத்தே வந்திருந்தா இதையே திரும்ப வச்சிருக்கலாமேம்மா!" என்றார். விழுந்த பல்லைத் திரும்ப வைக்க முடியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்!

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள உயிரணுக்கள்தான் பல்லை எலும்போடு பிடித்து வைக்கின்றன. பல் வெளியே உலர்ந்து கிடந்தால், அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அவை பெரும்பாலும் செத்துவிடும். நானோ அந்தச் சவ்வைத் தேய்த்தே எடுத்துவிட்டேன். என் பெண்ணுக்குக் கழற்றி மாட்டுகிற பல்தான் வாய்த்தது.

இரண்டாவது தடவை

எட்டு வருஷம் கழித்து, அதே மாதிரி ஒரு சாயங்காலம். பதினொரு வயதுப் பையன் தெருவில் கிரிக்கெட் ஆடப் போனவன், வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். பந்து பட்டு முன்பல் போய்விட்டது. பின்னாலேயே ஒரு சிறுவன் பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான்.

என் மாமியார், "பல்லு விழுந்தா சாணியில வச்சுக் கூரை மேல எறியணும்டி" என்று கை நீட்டினார்.

"அத்தை, அது பால் பல்லுக்கு! இது முளைச்ச பல்லு. போனா திரும்ப வராது" என்று நான் சொல்வதற்குள், என் பெண் ஃபிரிஜ்ஜிலிருந்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்து வந்துவிட்டாள். பல்லைப் பாலில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். இருபத்தைந்து நிமிஷத்தில் டாக்டர் முன்னால் இருந்தோம்.

அவர் பல்லைப் பழைய குழியிலேயே பொருத்தி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இணைத்தார். இரண்டு வாரம் கழித்துக் கம்பியை எடுத்தார். அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே வேர் சிகிச்சையும் ஆரம்பித்துவிட்டார். குழைந்த சாதம், இட்லி, கஞ்சி என்றுதான் சாப்பாடு. இப்போது மூன்று வருஷமாகிறது, பல் நிற்கிறது. "வருஷா வருஷம் காட்டணும். சில சமயம் வேர் கரையறது உண்டு" என்று சொல்லியிருக்கிறார். தவறாமல் காட்டுகிறோம்.

பல் வேரோடு விழுந்தால்

* முதலில் பிள்ளையைப் பாருங்கள். மயக்கம், வாந்தி, தலையில் அடி இருந்தால் பல்லை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.
* பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். வேரைத் தொட வேண்டாம்.
* அழுக்காக இருந்தால் பாலிலோ, தண்ணீரிலோ ஒரு சில விநாடி அலசினால் போதும். தேய்க்கக் கூடாது, சோப்பும் கூடாது.
* உங்களுக்குத் தைரியம் இருந்து, பிள்ளையும் அழாமல் ஒத்துழைத்தால், பல்லை முன்பக்கம் முன்னால் இருக்கும்படி குழியில் மெதுவாக அழுத்தி வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் நல்லது.
* முடியாவிட்டால் சர்க்கரை போடாத ஆறின பாலில் போடுங்கள். பால் இல்லையா? பிள்ளையை ஒரு டம்ளரில் உமிழச் சொல்லி, அந்த எச்சிலிலேயே போடலாம். காகிதத்தில் மடிக்காதீர்கள்.
* உடனே பல் டாக்டரிடம் போங்கள். தாமதமாகிவிட்டது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

ஆனால் விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் பல் கெட்டுவிடும். ஆறேழு வயதில் சந்தேகம் வந்தால், பல்லைப் பாலில் போட்டு எடுத்துப் போய் டாக்டரையே கேளுங்கள்.

பல் உடைந்தால்

உடைந்த துண்டைத் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துப் போங்கள். பல சமயம் அதையே ஒட்டிவிடுவார்கள். துண்டு கிடைக்காமல், பிள்ளை விடாமல் இருமினாலோ மூச்சுக்குத் திணறினாலோ, அது மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிதான்.

பல்வலி, வீக்கம்

வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கலாம். வயதுக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்கிக்கொள்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது ஈறைப் புண்ணாக்கிவிடும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. லவங்கத் தைலத்தைக் கொட்டினாலும் ஈறு வெந்துபோகும்.

கன்னம் வீங்கினால் வெளியே ஒத்தடம் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவுகிறதா, வாய் திறக்க முடியவில்லையா, எச்சில் விழுங்க முடியவில்லையா, மூச்சு முட்டுகிறதா? ராத்திரி எத்தனை மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது உயிருக்கே ஆபத்து.

பல் பிடுங்கிய பிறகு ரத்தம்

சுத்தமான துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, இருபது நிமிஷம் அழுத்திக் கடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அடிக்கடி துப்பினாலும் ரத்தம் உறையாது. அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் காஸ் ஏஜென்ஸி நம்பருக்குப் பக்கத்தில் பல் டாக்டர் நம்பரையும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

அன்று பையனோடு வீடு திரும்பியதும் என் பெண், "தம்பி பல்லாவது தப்பிச்சுதேம்மா!" என்று சிரித்தாள், வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு. எனக்குத் தெரியாமல் போனது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதினேன்.