மரியாதை ஆசனத்திற்கு, செயல் மனிதனுக்கு

புதிதாகச் சந்திக்கும் ஒருவரை "தாங்கள் யார்?" என்று கேட்டால் என்ன விடை வருகிறது? தாசில்தார் என்கிறார் ஒருவர். வக்கீல் என்கிறார் மற்றொருவர். இன்ன சங்கத்தின் காரியதரிசி என்கிறார் வேறொருவர். உத்தியோகத்தின் பெயரே மனிதனின் பெயராகிவிட்டது. இது பேச்சு வழக்கமாக மட்டும் நின்றுவிட்டால் கேடில்லை. நாளடைவில் பதவியே தான் என்ற மயக்கம் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது. வேலையில் ஒருவர் பிழை காட்டினால் பிழையைத் திருத்தத் தோன்றுவதில்லை. காட்டினவரைப் பகைக்கத் தோன்றுகிறது. பதவி நீங்கும் நாளோ மரணத்திற்குச் சமானமாகிறது. பொது வாழ்வில் நேரும் பிளவுகளில் பாதிக்கு மேல் கொள்கையால் விளைந்தவையல்ல, இம்மயக்கத்தால் விளைந்தவையே என்று சொன்னால் அது மிகையாகாது.

தில்லைக்கு இப்பாடம் புதிதன்று. அநபாய சோழனிடம் அமைச்சராயிருந்து, உத்தமசோழ பல்லவன் என்ற விருதும் பெற்ற சேக்கிழார், அதிகாரத்தை விட்டுத் தில்லைக்கு வந்து ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து பெரியபுராணம் பாடினார் என்பது மரபு. அரசன் கொடுத்த விருதுப் பெயரை இன்று நினைப்பார் எத்தனை பேர்? அத்தில்லைக்கு அருகே திருவேட்களத்தில் 1929-ல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், சென்ற நூற்றாண்டில் பதவி வகித்த இருவரின் வாழ்க்கையும் இதே பாடத்தைப் போதிக்கின்றன.

முதல்வர் விபுலானந்த அடிகள். ஈழ நாட்டில் மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892-ல் பிறந்தபொழுது அவருக்கு இட்ட பெயர் மயில்வாகனன். 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் போதித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைவருமானார். உலகம் விரும்பும் யாவும் கைகூடிய வேளையில் அனைத்தையும் விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்கே பிரம்மசாரியாக ஏற்ற பெயர் பிரபோத சைதன்யர்; 1924-ல் சந்நியாசம் பெற்றபொழுது விபுலானந்தர். ஓர் ஆயுளில் மூன்று பெயர்கள்!

அத்தகைய துறவி 1931-ல் அண்ணாமலை நகரில் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார். துறவிக்கு உத்தியோகம் ஏன் என்று கேட்கலாம். உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படியே அவருக்கு அப்பதவி. 1933-ல் அதை விட்டு நீங்கினார். பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஆசனங்கள் மாறின, பணி மட்டும் மாறவில்லை. பழந்தமிழர் இசையைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ம் தேதி அவர் மறைந்தார்.

அந்நூலை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு அதில் பொருள் விரித்தது பண்டிதரின் புலமை. சுரங்களின் அளவைக் கணக்கிட்டு நிறுவியது விஞ்ஞான ஆசிரியரின் கணிதம். பலன் கருதாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தது துறவியின் பொறுமை. பெயர்களையும் பதவிகளையும் ஒவ்வொன்றாக விட்டு வந்தவர், அவற்றில் கற்ற எதையும் இழக்கவில்லை. பதவியை இறுகப் பற்றியவனோ அது போகும்பொழுது தானும் வெறுமையாகிறான்.

இரண்டாமவர் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராயிருந்த வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராயிருந்த அவர், 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து எளிய வாழ்வை ஏற்றார். 1928-ல் சர்க்கார் அளிக்க முன்வந்த 'ஸர்' பட்டத்தை வேண்டாமென்றார். துணைவேந்தர் பதவி நீங்கிய பின்னரும் அவர் ஒடுங்கிவிடவில்லை; 1944-ல் சென்னையில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றி முப்பது சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. தேசபக்தர் பலர் அவரது மிதவாதத்தைக் கடிந்து பேசினர். ஆயினும் 1946-ல் அவர் நோயுற்றுக் கிடந்தபொழுது காந்தியடிகள் நேரில் சென்று கண்டார். கொள்கையை மறுப்பது வேறு, மனிதனை வெறுப்பது வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பதவி வேறு, நான் வேறு என்ற இதே வாக்கியத்தைக் கோழைகளும் கேடயமாகப் பிடிப்பதுண்டு. "நான் என்ன செய்வேன்? மேலிடத்து உத்தரவு; என் ஆசனம் செய்த காரியம்" என்பார்கள். தடியடிக்கு உத்தரவிட்டவரும் சொன்னது இதுவே. ஜெர்மனியின் நாஜித் தலைவர்கள் 1945, 1946-ம் ஆண்டுகளில் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் சொன்னதும் இதுவே. மேலிடத்து உத்தரவு குற்றத்திலிருந்து ஒருவனை விடுவிக்காது என்று அந்நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆகவே பிரிக்க வேண்டிய இடம் எது என்று தெளிதல் வேண்டும். பதவியினால் வரும் மாலையும் மரியாதையும் ஆசனத்திற்கு உரியவை. அவற்றை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாகாது. பதவியில் இருந்து செய்த செயல் மனிதனுக்கு உரியது. அதை ஆசனத்தில் விட்டுச் செல்லலாகாது. நம்மில் அநேகர் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டோம். மாலையை நமதென்கிறோம், பழியைப் பதவியின்மீது சுமத்துகிறோம்.

1939-ல் மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமாச் செய்தபொழுது, மந்திரிகள் ஒரே நாளில் சாதாரணப் பிரஜைகளாயினர். அடுத்த ஆண்டே அவர்களுட் பலர் தனிநபர் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தனர். நாற்காலியைத் தாமென்று எண்ணாதவர்களுக்கே அது கைகூடிற்று.

அண்ணாமலை நகரில் துணைவேந்தர்கள் பலர் வந்து போயினர்; 2013-ல் பல்கலைக்கழகமே அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ஆசனத்தின் இயல்பு அது; யாருக்காகவும் அது காத்திராது. ஊர்க் கமிட்டித் தலைவர் முதல் மந்திரி வரை பொறுப்பில் அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும், "நாளை இந்தப் பலகையில் என் பெயர் அழிக்கப்பட்டால் என்னிடம் எஞ்சி நிற்பது என்ன?" என்று இன்றே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடை சொல்ல முடிந்தவரிடம் பொறுப்பைத் துணிந்து ஒப்படைக்கலாம். அவர் அதை நன்றாகவும் வகிப்பார், வேளை வந்தால் விட்டும் கொடுப்பார். நமது சங்கங்களுக்கும் சபைகளுக்கும் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இக்கேள்வியை நாமும் மறவாதிருப்போமாக.