நாற்பத்திரண்டாவது நாள் பீடி

எங்கள் குமாரலிங்கபுரத்தில் கார்த்திகை ஒண்ணாம் தேதி ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். முந்தின நாள் சாயங்காலம் வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பீடி மேல் பீடியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஆட்கள், மறுநாள் விடியக்காலம் நாலு மணிக்குக் குளித்துவிட்டு, கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வருவார்கள். அதோடு பீடி இல்லை. ஒரு மண்டலம், 41 நாள். சபரிமலைக்குப் போய்வந்து, குருசாமி கையால் மாலையைக் கழற்றிவிட்டு வெளியே வருவார்கள். அன்றைக்கே பெரும்பாலான ஆட்கள் பெட்டிக்கடையில் நிற்பார்கள்.

இதில் நானும் ஒரு ஆள்தான். மதுரையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து சிகரெட் குடிப்பேன். இரண்டு வருஷம் மாலை போட்டேன். இரண்டு தடவையும் 41 நாள் சுத்தமாக இருந்தேன், இரண்டு தடவையும் ஊர் திரும்பிய அன்றே ஆரம்பித்தேன். அப்போது அதை யோசித்ததில்லை. சாமிக்குப் பயந்து விட்டோம், பயம் போனதும் பிடித்தோம், அவ்வளவுதான் என்று இருந்தேன். யோசிக்க வைத்தது சித்தப்பா. அவருக்கு டி.பி. என்று தெரிந்தபோது டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "பீடி குடிப்பீங்களா?"

டாக்டர் அதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2003-இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு நம் தமிழ்நாட்டில் நடந்தது. டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோ முதலானவர்களும் செய்தது. சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் குடும்பத்தாரிடம் விசாரித்து, உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். புகைக்கிறவர்கள் காசநோயால் சாவது, புகைக்காதவர்களைவிட நாலு மடங்குக்கு மேல். கிராமத்தில் பெரும்பாலும் பீடி, நகரத்தில் சிகரெட்டும் சேர்த்து. முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். புகை என்றால் புற்றுநோய் என்று மட்டும் படித்த நமக்கு இது புதுச் செய்தி. நம் பக்கத்தில் பீடியின் முதல் கணக்கு நுரையீரல் காசம்.

"பீடிதானே, சிகரெட் மாதிரி மோசமில்ல, இலையில சுத்துனதுதானே" என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சித்தப்பாவும் சொன்னார். பீடியில் தூள் கம்மி என்பது நிஜம். ஆனால் பீடி இலை காகிதம் மாதிரி தானாக எரிந்துகொண்டிருக்காது, விட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தூள் குறைந்தாலும் உள்ளே போகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை.

சரி, மாலைக்கு வருவோம்.

புகையை இழுத்த பத்து, இருபது விநாடியில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். விட்டவனுக்கு எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். பிறகு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அமெரிக்காவில் ஜான் ஹியூஸ் குழுவினர் 2004-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். யார் உதவியும் இல்லாமல் விட முயன்றவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான்.

நம்ம ஊர் ஆட்கள் அந்த எட்டு நாளை எட்டு டீக்குள் தாண்டுகிற மாதிரி தாண்டிவிடுகிறார்கள். 41 நாள் என்பது உடம்பு கேட்கிற காலத்தையும் கடந்த காலம். அதற்குச் சாட்சியும் அவர்களிடமே இருக்கிறது. மாலை கழற்றியதும் குடிக்கிற முதல் பீடி எப்படி இருந்தது என்று யாரிடம் கேட்டாலும், "தலை கிர்ருன்னு சுத்துச்சு, குமட்டிருச்சு" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. உடம்பு அதை மறந்துவிட்டது என்றுதானே அர்த்தம். அப்புறம் ஏன் அந்தக் குமட்டலையும் தாண்டி இரண்டாவதைப் பற்றவைக்கிறோம்?

இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல பதில் விமானப் பணியாளர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் இருக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்து ரூவன் தார் 2010-இல் வெளியிட்டது. விமானத்தில் புகைக்க முடியாது. புகைப்பழக்கம் உள்ள பணியாளர்களிடம், ஐரோப்பாவுக்குப் போகும் மூன்று முதல் ஐந்தரை மணி நேரப் பயணத்திலும், நியூயார்க் போகும் பத்து முதல் பதின்மூன்று மணி நேரப் பயணத்திலும் இடையிடையே, "இப்போது எவ்வளவு ஆசையாக இருக்கிறது?" என்று கேட்டார்கள். நேரம் போகப்போக நிகோடின் இறங்குகிறது, அதனால் ஆசை ஏறும் என்றால், நீண்ட பயணத்தின் நடுவிலேயே ஆசை குட்டைப் பயணத்தின் முடிவுக்குச் சமமாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. இரண்டிலும் விமானம் இறங்கப்போகிற நேரத்தில்தான் ஆசை ஏறியது. குட்டைப் பயணம் முடிகிறபோது இருந்த ஆசை, அதே அளவு நேரம் கடந்த நீண்ட பயணத்தில் இல்லை. குடிக்க முடியும் என்ற நினைப்பு நெருங்கும்போது ஆசையும் நெருங்குகிறது.

இதைப் படித்ததும் எனக்கு விமானம் ஞாபகம் வரவில்லை, சிவகாசிப் பக்கத்துப் பயராபீஸ்தான் ஞாபகம் வந்தது. பட்டாசு ஆபீஸ் கேட்டுக்குள் பீடி, தீப்பெட்டி எதுவும் போகக்கூடாது. உள்ளே இருக்கிற வரைக்கும் பீடி நினைப்பே வராது என்பார் அங்கே வேலைக்குப் போகிற என் கூட்டாளி. "கேட்டைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டுக்கு வர்றதுக்குள்ள கை தன்னால சட்டைப்பைக்குப் போயிரும் மாப்ள." அருப்புக்கோட்டை தறிக்கூடங்களிலும் பஞ்சுக்குப் பயந்து உள்ளே புகைக்க விடமாட்டார்கள். அங்கே ஆசை டீக்குப் போகிற மணிக்கு வரும்.

மாலை என்பது 41 நாள் நீளமான விமானம். நடுவில் ஆசை வராததற்குக் காரணம், குடிக்கலாம் என்ற வழியே அடைபட்டிருக்கிறது. போதாததற்கு ஊரே ஒத்துழைக்கிறது. பெயர் போய் எல்லாரும் "சாமி" என்கிறார்கள். டீக்கடையில் யாரும் "இந்தா ஒண்ணு பத்தவை" என்று நீட்டுவதில்லை. எழுகிற நேரம், படுக்கிற பாய், சாப்பாடு, சேர்க்கை எல்லாம் மாறிவிடுகிறது. பீடியோடு ஒட்டிக்கொண்டிருந்த அத்தனையும் ஒரே நாளில் பிய்ந்துபோகிறது. ஆனால் இந்த விமானத்துக்கு இறங்குகிற தேதி முன்னாலேயே தெரியும். கழற்றிய மறு நிமிஷம் அதே பெயர், அதே பெஞ்ச், அதே கூட்டாளிகள், கடை முகப்பில் தொங்கும் அதே கயிற்று நெருப்பு. (மாலை போட்டுக்கொண்டே மறைவாகக் குடிக்கிற சாமிகளும் உண்டு. அவர்களை விட்டுவிடுவோம்.)

அதனால் "நீ மட்டும் மனசு வச்சா விட்டுறலாம்" என்று சொல்வது பாதி உண்மைகூட இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மனசு வைத்தவர்கள்தான் இவர்கள். 41 நாள் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் குறைவது 42-ஆம் நாளுக்கான ஏற்பாடு.

சித்தப்பா போன கார்த்திகையில் மருந்து சாப்பிட்டுக்கொண்டே மாலை போட்டார். கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அவரிடம் உட்கார்ந்து பேசினேன். எந்த நேரத்துக்கு எந்த இடத்தில் பீடி குடிப்பார் என்று அவரையே சொல்லச் சொன்னேன். விடியக்காலம் கம்மாய்க் கரை, ஒன்பது மணி டீ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடி, கரிமூட்டம் போடுகிற இடத்தில் காவல் இருக்கும் ராத்திரி. கம்மாய்க்குப் பதிலாகக் கிணற்றடி என்று மாற்றினோம். டீ வீட்டுக்கு வந்தது. சித்தி திட்டிக்கொண்டேதான் போட்டுக் கொடுத்தார். மதியம் சாப்பிட்ட உடனே வாயில் சுக்கு. மூட்டத்துக் காவலுக்கு மட்டும் மாற்று இல்லை. அங்கே சுற்றி எல்லாமே புகைதான், கூட இருக்கிற ஆட்களும் பீடிக்காரர்கள்.

அந்த ராத்திரிகளுக்கு டாக்டரிடம் கேட்டு 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் வாங்கினோம். இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி சவைத்துத் தள்ளினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக நாலு மெல்லு மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படி. காபி குடித்த கையோடு போட்டால் சரியாக இறங்காது. சித்தப்பாவுக்கு இது உடனே பிடிபட்டது. "வெத்தலை ஒதுக்குற மாதிரிதானே எய்யா" என்றார்.

இதையெல்லாம் சொல்லித்தர ஊரில் யாரும் இல்லை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கு மேல் விட நினைக்கிறோம் என்றார்கள். முயற்சி செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் எந்த உதவியும் இல்லாமல்தான் முயன்றிருக்கிறார்கள். 1800-11-2356 என்ற இலவச எண் 2018 செப்டம்பரிலிருந்து பாக்கெட்டுகளில் அச்சாகிறது. தமிழிலும் பேசலாம். ஆனால் பெட்டிக்கடையில் உதிரியாக மூணு பீடி வாங்குகிறவன் கண்ணில் அந்த எண் எப்படிப் படும்?

சித்தப்பா தை முழுக்கத் தாண்டினார். மாசியில் ஒரு கேத வீட்டில், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த இடத்தில், யாரோ நீட்டிய ஒன்றை வாங்கிவிட்டார். மறுநாள் என்னிடம் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. மொத்தம் மூணு குடித்தாராம். கட்டாக வாங்கவில்லை. கேத வீடு எங்கள் பட்டியலில் இல்லாமல் போனது என் தப்புதான். கிராமத்தில் அது மாதம் ஒன்றாவது வரும். அதையும் சேர்த்துக்கொண்டோம், இப்போது அங்கே போனால் சூயிங்கம் பையில் இருக்கும்.

டி.பி. மருந்து ஆறு மாதமும் முடிந்துவிட்டது. வருகிற கார்த்திகைக்கு மறுபடி மாலை போடப்போகிறாராம். குருசாமி வீட்டிலிருந்து வரும்போது பெட்டிக்கடை வழியாக வர வேண்டாம், பின்தெரு வழியாக வந்துவிடுவோம், நீயும் கூட வா என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.