கொதிப்பும் ஏற்பியும்

உயர் இரத்த அழுத்தத்தை நாம் 'இரத்தக் கொதிப்பு' என்றே வழங்குகிறோம். உண்மையில் கொதிப்பது எதுவுமில்லை. பெரும்பாலும் அறிகுறியும் தோன்றுவதில்லை. சிங்கப்பூரில் 2021–22 ஆய்வின்படி, 18 முதல் 74 வயது வரையுள்ளோருள் 37 விழுக்காட்டினர்க்கு இந்நிலை உண்டு.

'ஏல்' என்னும் வினையடியில் பிறந்த 'ஏற்பி' என்னும் கலைச்சொல்லோ நடப்பதை உரைக்கிறது. குருதிப் பொருள்கள் மூளையுள் எளிதில் நுழையா. அத்தடை தளர்ந்த சில இடங்களிலுள்ள ஏற்பிகள் ஆஞ்சியோடென்சின் என்னும் இயக்குநீரை ஏற்கின்றன. உடனே பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன, குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்குகிறது, அழுத்தம் உயர்கிறது. லோசார்ட்டன் போன்ற மருந்துகள் குருதிக்குழாய் முதலியவற்றிலுள்ள இவ்வகை ஏற்பிகளையே மறிக்கின்றன.

சினமும் சூடும் இல்லை, ஆகவே கொதிப்பும் இல்லை எனத் தேக்காவில் நம்மவர் எவரும் மாத்திரையை நிறுத்திவிடலாகாது. அழுத்தம் உணர்ந்து அறிவதன்று, அளந்து அறிவது.