அங்கிலோ-சாக்சனியர் காலத்து மேலாட்சியும் அரச பட்டங்களும்

உரோமர் ஆட்சி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானியாவை விட்டு நீங்கிய பின்னர், வடகடலைக் கடந்து வந்த அங்கிளர், சாக்சனியர், யூற்றர் முதலிய செருமானிய இனத்தார் அத்தீவின் கிழக்கிலும் தெற்கிலும் குடியேறி அரசுகள் பல அமைத்தனர். இவற்றை 'ஏழரசு' எனத் தொகுத்துக் கூறுதல் பழைய வரலாற்று நூல்களின் வழக்கு. ஆயின் அரசுகள் ஏழே என்பதும், அவை தம்முள் ஒத்த நிலையின என்பதும் பொருந்தா. சிறிய அரசுகள் இன்னும் பல இருந்தன. ஒவ்வொரு காலத்தும் வலிமை மிக்க மன்னனொருவன் ஏனை மன்னர் சிலரையேனும் பலரையேனும் தன் கீழ்ப்படுத்தி வைத்திருந்தான். இம்மேலாட்சி பட்டத்தோடு கூடிய ஒரு பதவியா, அன்றி வாள்வலியாற் பெற்று அவ்வலி குன்றியவழி இழக்கப்பட்ட நிலையா என்பது ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு முதற் சான்று பீட் என்னும் துறவியார் கி.பி. 731இல் முடித்த 'ஆங்கில மக்களின் திருச்சபை வரலாறு' ஆகும். அதன் இரண்டாம் நூலில், ஹம்பர் ஆற்றின் தெற்கேயுள்ள நாடுகள்மீது மேலாட்சி செலுத்திய மன்னர் எழுவரை அவர் வரிசைப்படுத்துகின்றார். தென்சாக்சனியரின் ஏல்லே, மேற்குச் சாக்சனியரின் சியோலின், கென்ற் நாட்டு எதெல்பேட், கிழக்கு அங்கிளரின் றெட்வால்ட், நோர்தம்பிரிய மன்னராகிய எட்வின், ஒஸ்வால்ட், ஒஸ்வியு என்போரே அவ்வெழுவர். இவர்தம் அதிகாரத்தை 'இம்பேரியம்' என்னும் இலத்தீன் மொழியாற் குறித்த பீட், அவர்க்குத் தனிப்பட்டம் எதனையுஞ் சூட்டினாரல்லர்.

பட்டம் பின்னரே தோன்றுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அல்பிரட் மன்னன் காலத்தில், வெசெக்ஸ் நாட்டிலே தொகுக்கப்பெற்ற அங்கிலோ-சாக்சனிய ஆண்டுக்குறிப்பு, 829இல் மேர்சியாவை வென்ற வெசெக்ஸ் மன்னன் எக்பேட்டைப் பீட் கூறிய எழுவரோடு எட்டாமவனாகச் சேர்த்து, அவனைப் 'பிறெற்வல்டா' என அழைக்கின்றது. 'பிரித்தானியாவை ஆள்வோன்' என்று இதற்குப் பொருள் கொள்வர். வேறு ஏடுகளிற் காணப்படும் எழுத்து வேறுபாட்டைக் கொண்டு, 'பரந்த நிலத்தை ஆள்வோன்' என உரைப்பாரும் உளர். நோக்கற்பாலது யாதெனின், இப்பட்டியலில் மேர்சிய மன்னர் ஒருவரேனும் இடம்பெறாமையே. 731இல் ஹம்பருக்குத் தெற்கேயுள்ள நாடுகளெல்லாம் மேர்சிய மன்னன் எதெல்பால்டுக்கு அடங்கியிருந்தன எனப் பீட்டே தம் நூலின் இறுதியிற் கூறுகின்றார். 757 முதல் 796 வரை ஆண்ட ஒஃபாவோ அவனினும் வலியவன். இவ்விருவரையும் விடுத்துத் தம் நாட்டு மன்னனை எட்டாமவனாக்கிய வெசெக்ஸ் எழுத்தாளரின் பட்டியல், மேலாட்சியின் வரலாறு ஆகாது. அவர்தம் அரச குலத்தின் புகழ்ச்சியே ஆகும்.

பிறெற்வல்டா என்பது உரிமைகளோடு கூடிய பழையதொரு பட்டம் என்றே 1943இல் வெளிவந்த நூலிற் பேராசிரியர் ஸ்ரென்ரன் கருதினார். 1983இல் பற்றிக் வோமால்ட் எழுதிய கட்டுரையோ, அஃது அமைந்த பதவியன்று, எழுதினோர் மனத்தில் உருவான மதிப்பே என வாதிட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் இக்கருத்தின் பக்கமே சார்ந்தனர்.

பதவி இல்லையாயினும் மேலாட்சி பொய்யன்று. திறை, படைத்துணை, பாதுகாப்பு என்னும் மூன்றும் அதன் உறுப்புக்களாம். ஒரு குடும்பத்தின் வாழ்வுக்குப் போதிய நிலமே 'ஹைட்' எனப்பட்டது. அவ்வளவையாற் பல இனத்தாரின் நிலங்களைக் கணக்கிட்ட பழைய பட்டியலொன்று, மேர்சியருக்கு 30,000 ஹைட், கிழக்குச் சாக்சனியருக்கு 7,000 ஹைட், சிறு இனத்தார் சிலர்க்கு 300 ஹைட் எனக் குறிக்கின்றது. இது திறைக்கணக்கு என்பது பலர் துணிபு. 655இல் மேர்சிய மன்னன் பெண்டா ஒஸ்வியுவோடு பொருது மடிந்தபோது, அரச நிலையினரான தலைவர் முப்பதின்மர் அவன் பக்கம் நின்றனர் எனப் பீட் உரைப்பர். பெண்டாவின் மகன் வுல்வியர் தென்சாக்சனிய மன்னனுக்கு ஞானத் தந்தையாக நின்று, வைற் தீவை அவனுக்குப் பரிசாக ஈந்தான். சமயச் சடங்கும் இவ்வாறு மேலாட்சியின் கட்டாயிற்று.

மேலாட்சியின் அளவை அறிதற்கு மேலோனின் பட்டத்தினுங் கீழோனின் பட்டமே சிறந்த சான்றாகும். 736ஆம் ஆண்டுச் சாசனமொன்று எதெல்பால்டைத் தென் ஆங்கிலர் அனைவர்க்கும் மன்னன் என்று கூறுவதோடு, சாட்சியர் வரிசையிற் 'பிரித்தானியாவின் மன்னன்' என்றும் புனைந்துரைக்கின்றது. அவனினும் வலிய ஒஃபாவோ தன் காலத்துச் சாசனங்களிற் பெரும்பாலும் 'மேர்சியரின் மன்னன்' என்னும் எளிய பட்டத்தோடு அமைந்தான். அவனை 'ஆங்கிலரின் மன்னன்' எனக் கூறும் சாசனங்களிற் பல பிற்காலத்தார் புனைந்தவை. ஆனால் அவன் கீழிருந்தோரின் நிலையைக் காண்க. உவிச்சே என்னும் இனத்தார்க்கு ஏழாம் நூற்றாண்டில் மன்னர் இருந்தனர். 778ஆம் ஆண்டுச் சாசனத்தில் அவர் தலைவன் எல்ட்ரெட் 'சிறுமன்னன்' என்றும் தன் இனத்தாரின் 'தலைவன்' என்றும் மட்டுமே குறிக்கப்படுகின்றான். தென்சாக்சனியரின் ஒஸ்லாக் 780இல் வெறுந் தலைவனாகவே கையொப்பமிடுகின்றான். கென்ற் நாட்டு மன்னனாகிய வேறோர் எக்பேட் கொடுத்த நிலங்களை ஒஃபா பறித்தான். நிலத்தைப் பரம்பரை உரிமையாக எழுதிக்கொடுக்க அவனுக்கு அதிகாரமில்லை என்பதே ஒஃபா காட்டிய காரணம். நிலம் வழங்கும் உரிமை போயவிடத்து, மன்னன் என்னும் பெயர் நிற்பினும் மன்னர்த்தன்மை நில்லாது.

கீழ்மன்னரை அவ்வந்நாட்டிலேயே விட்டுவைத்த மேலாட்சியோ நிலையற்றது. எட்வின் 633இலும் ஒஸ்வால்ட் 642இலும் போரில் மாள, அவர் மேலாட்சியும் மாண்டது. பெண்டாவை வென்ற ஒஸ்வியு மேர்சியாவை மூன்றாண்டுக்கு மேல் வைத்திருக்க இயலவில்லை. 658இல் அந்நாட்டுப் பெருமக்கள் வுல்வியரை மன்னனாக்கினர். எட்டாம் பிறெற்வல்டா எனப் போற்றப்பெற்ற வெசெக்ஸ் எக்பேட்டும் 829இல் வென்ற மேர்சியாவை 830இல் இழந்தான். ஆயின் அதே எக்பேட் 825இற் பெற்ற கென்ற் முதலிய தென்கிழக்கு நாடுகள் அவன் மரபினரிடமே நிலைத்தன. அங்கே அவன் பழைய மன்னனைத் துரத்தித் தன் மகனை ஆளவைத்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாம்.

இவ்வுண்மையே பின்வந்த வரலாற்றுக்குத் திறவுகோலாகும். 867இல் நோர்தம்பிரிய மன்னர் யோர்க்கில் வீழ்ந்தனர். 869இற் கிழக்கு அங்கிளரின் மன்னன் கொல்லப்பட்டான். 874இல் மேர்சிய மன்னன் நாட்டை விட்டகன்றான். இவற்றைச் செய்தோர் டேனியர். பழைய அரச குலங்கள் இவ்வாறு அழிந்தமையால், அல்பிரட்டின் மரபினர் மீட்ட நிலங்களிற் கீழ்மன்னராய் நிற்றற்கு உரியோர் அருகினர். 927இல் நோர்தம்பிரியாவைக் கைக்கொண்ட எதெல்ஸ்தன் தன் சாசனங்களில் 'ஆங்கிலரின் மன்னன்' எனவும், நாணயங்களிற் 'பிரித்தானியா முழுவதற்கும் மன்னன்' எனவும் தன்னைக் குறித்தான். வேல்ஸ் நாட்டு மன்னர் அவன் சாசனங்களிற் 'சிறுமன்னர்' எனக் கையொப்பமிட்டனர். ஆயினும் தம் நாட்டில் அவர் அரசு தொடர்ந்தது. ஆகவே இரண்டாவது பட்டம் பெயரளவில் நின்றது, முதலாவதோ மெய்யாயிற்று. இங்கிலாந்தின் ஒருமைக்கு வித்திட்டது பிறெற்வல்டா என்னும் பட்டமன்று. கீழ்மன்னர் என்னும் நிலையே அந்நாட்டில் இல்லாதொழிந்தமையாம்.