உங்களுக்குத் தெரியுமா? – கடல் கடந்து வரும் பார்சல்

வெளிநாட்டு இணையக் கடையில் பார்த்த விலை ஒன்று. பொருள் வீட்டு வாசலுக்கு வரும்போது கட்டும் தொகை வேறொன்று. இடையில் சுங்கத் துறை என்ன செய்கிறது? சில சுவையான தகவல்கள்:

கூலிக்கும் வரி உண்டு!
இந்தியாவில் பொருளின் விலைக்கு மட்டும் சுங்கவரி போடுவதில்லை. அதை இங்கே கொண்டுவரும் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கே வரி. 8,000 ரூபாய்ப் பொருளுக்குக் கூரியர், காப்பீட்டுச் செலவு 2,000 ரூபாய் என்றால், சுங்கத் துறையின் கணக்கில் அது 10,000 ரூபாய்ப் பொருள்.

வரிமேல் வரி
அந்த 10,000 ரூபாய்க்கு அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: 1,000 ரூபாய். அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம்: 100 ரூபாய். இப்போது மொத்தம் 11,100. இதன் மேல் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி (ஐ.ஜி.எஸ்.டி.) 18 சதவீதம்: 1,998 ரூபாய். ஆக, கட்ட வேண்டிய வரி 3,098 ரூபாய். 10 சதவீதம் என்று நினைத்தது ஏறக்குறைய 31 சதவீதத்தில் வந்து நிற்கிறது!

பரிசு என்று எழுதினால்?
ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருள் வரியில்லாமல் இந்தியாவுக்குள் வந்தது. விற்பனைச் சரக்கெல்லாம் 'பரிசு' என்ற பெயரில் வரத் தொடங்கியதால், 2019 டிசம்பரில் அந்த வழி அடைக்கப்பட்டது. தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று சொல்லி வரி கட்டாமல் இறக்குமதி செய்யத் தடை. விதிவிலக்கு இரண்டுதான்: உயிர் காக்கும் மருந்துகள், ராக்கி கயிறு. ராக்கியோடு வரும் பரிசுக்குச் சலுகை கிடையாது.

பொருளுக்கும் ஜாதகம்
உலகச் சந்தையில் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பின் இந்தப் பட்டியல் 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேயிலையின் எண் 0902 என்று தொடங்கும்; காலணிகள் 64-ஆம் அத்தியாயம். இந்தியா இன்னும் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்கிக்கொண்டது. எண் மாறினால் வரியும் மாறும்.

எக்ஸ்-மென் மனிதர்களா?
அமெரிக்காவில் மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீதம், மற்ற விளையாட்டுச் சாமான்களுக்கு 6.8 சதவீதம் என்று வரி இருந்தது. மார்வெல் காமிக்ஸ் நாயகர்களான எக்ஸ்-மென் பொம்மைகளை இறக்குமதி செய்த நிறுவனம், 'இவர்கள் மனிதர்களே அல்ல' என்று வழக்காடியது. 2003-ல் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. மார்வெல் ரசிகர்கள்தான் கொதித்துப்போனார்கள்!

தக்காளி வழக்கு
1883-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி காய்கறிக்கு வரி, பழத்துக்கு இல்லை. தக்காளி பழமே என்று ஒரு வியாபாரி உச்ச நீதிமன்றம் வரை போனார். 'தாவரவியல்படி பழம்தான், ஆனால் மக்கள் சாப்பாட்டோடு சேர்த்துத்தானே உண்கிறார்கள்' என்று 1893-ல் அதைக் காய்கறியாக்கியது நீதிமன்றம். ரசம் வைக்கும் வீடுகளில் இந்த வழக்கே எழுந்திருக்காது.

800 டாலர் சலுகை
ஒரு நாளில் ஒருவருக்கு 800 டாலர் வரை வரும் சரக்குக்கு அமெரிக்கா 2016 முதல் வரி வாங்கவில்லை. அதற்கு முன் வரம்பு 200 டாலர். மலிவு விலைச் சீன இணையக் கடைகள் அங்கே வளர இதுவும் ஒரு காரணம். 2025 மே மாதம் சீனா, ஹாங்காங் பொருள்களுக்கும், ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் சலுகை நின்றது. புதிய வரியை யார், எப்படி வசூலிப்பது என்ற குழப்பத்தில், இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான அஞ்சல்களை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தியது. அக்டோபர் 15-ல்தான் சேவை திரும்பியது.

சின்னப் பார்சலும் தப்பாது
22 யூரோ வரையிலான பொருளுக்கு இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1-ல் நீக்கியது. ஆஸ்திரேலியா 2018-லும், சிங்கப்பூர் 2023-லும், மலேசியா 2024-லும் குறைந்த விலை இறக்குமதிகளை வரிக்குள் கொண்டுவந்தன. இந்த நாடுகளில் பெரும்பாலும் பணம் கட்டும்போதே இணையக் கடை வரியைப் பிடித்துக்கொள்ளும்.

வரி கட்டினாலும் வராது
முழு ட்ரோனை வாங்கி இந்தியாவுக்குள் கொண்டுவர 2022 பிப்ரவரி முதல் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் அனுமதி பெறலாம். உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. மின் சிகரெட்டுக்கு 2019 முதல் முழுத் தடை. இந்திய எல்லையைத் தவறாகக் காட்டும் வரைபடத்தையும் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.

எட்டுக்கால் பார்சல்
2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஓர் அஞ்சல் பார்சலைச் சுங்க அதிகாரிகள் பிரித்தார்கள். உள்ளே சின்னச் சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள்! முறையான உரிமமோ சுகாதாரச் சான்றிதழோ இல்லாததால், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.

கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா?
கிடைக்கும். இறக்குமதி செய்த பொருளைப் பயன்படுத்தாமல், வரி கட்டிய இரண்டு ஆண்டுக்குள் வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்பினால், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு 98 சதவீத வரியைத் திரும்பக் கோர வழி தருகிறது. வந்ததும் அதே பொருள்தான், போவதும் அதே பொருள்தான் என்று சுங்க அதிகாரிக்குக் காட்ட வேண்டும். எனவே பார்சலைப் பிரித்த கையோடு வரி ரசீதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.