கனத்த எலும்பும் காய்ந்த மூங்கிலும்

ஆங்கிலேயர் தம் தாய்நாட்டுக் குளிரை இங்கே கண்டு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரிட்டு மகிழ்ந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளியிலே, விடியற்காலைப் பனி விலகுமுன்பே அடுப்பங்கரைகளில் ராகி மாவு கொதிக்கத் தொடங்கிவிடும். தமிழர் களி என்றும், கன்னடர் முத்தெ என்றும், தெலுங்கர் சங்கடி என்றும் தத்தம் பாஷையில் அழைத்து ஒரே விதமாக உருட்டி உண்ணும் அந்த ஆகாரத்திலே, 100 கிராம் தானியத்துக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடையுள்ள பாலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று பங்கு. இப்படிப்பட்ட உணவில் வளர்ந்த சரீரத்துக்கு எலும்பைப் பற்றிய கவலை எதற்கு என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவர், பதினான்கு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டு வரும் ஒரு மூதாட்டி. களிக்குத் தண்ணீர் எடுத்துவரப் பின்கட்டுக்குப் போனவர் வாசற்படியில் விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு திண்ணையில் அமர்ந்திருந்தவரிடம், "அத்தே, ஈரம் ஏதாச்சும் இருந்து வழுக்கிடுச்சா?" என்று மருமகள் மறுபடியும் விசாரித்தாள்.

"ஈரமும் இல்லே, ஒண்ணும் இல்லே கண்ணு. படிமேலே காலை வெச்சேனா இல்லையான்னே எனக்குத் தெரியலே" என்றார் அவர்.

ஓசூரில் எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கேனோ, வயதுக்கு இருக்கவேண்டிய அளவுக்குச் சற்று மேலாகவே எலும்பு கனத்திருக்கிறது என்று சொல்லிற்று. "எலும்பு நல்லாத்தான் இருக்குன்னு எழுதியிருக்காங்க, அப்புறம் எப்படிங்க ஒடிஞ்சுது?" என்று மகன் என்னைக் கேட்டான். நீரிழிவு எலும்புக்குச் செய்யும் வஞ்சனை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

எலும்பு வெறும் சுண்ணாம்பன்று. கொலாஜன் என்னும் புரத நார்களால் பின்னிய வலையின்மீது சுண்ணாம்பு உப்புகள் படிந்து இறுகியதே எலும்பு. கெட்டித்தன்மையைத் தருவது உப்பு, ஒடியாமல் வளைந்து தாங்கும் சக்தியைத் தருவது நார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நிற்கும்போது அது புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுக்களில் அவ்வாறு ஒட்டியதை அளந்துதான் 'மூணு மாச சுகர்' என்று பரிசோதனைச் சீட்டில் எழுதித் தருகிறார்கள். ஏனெனில் சிவப்பணு சுமார் 120 நாளில் மடிந்து, புதியது பிறந்துவிடுகிறது. எலும்பின் நாருக்கோ ஆயுள் பல வருஷம். அதில் ஒட்டிய சர்க்கரை நாரோடு நாரைப் பிணைத்து விறைக்கச் செய்கிறது. போதாக்குறைக்கு, பழைய எலும்பைக் கரைத்துப் புதியதை அமைக்கும் இயற்கையான புதுப்பித்தலும் மந்தமடைகிறது. ஜவளகிரிக் காட்டிலே யானை சாய்த்தாலும் வளைந்து நிமிரும் பச்சை மூங்கிலும், கொட்டகையில் பல கோடை கண்டு காய்ந்த மூங்கிலும் பருமனில் ஒன்றுபோலவே இருக்கலாம். பாரம் ஏற்றும்போதல்லவோ பேதம் தெரிகிறது! ஸ்கேன் பார்ப்பது சுண்ணாம்பின் அளவை. நாரின் நிலையை அது அறியாது.

கனத்திருந்தும் பலமின்றி ஒடியும் இந்த வஞ்சனை கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமைக்குப் புதியதன்று. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைத் தலைமுறைகளாகக் குடித்து, பல்லில் கறையும் மூட்டில் விறைப்புமாக வருந்திய கிராமங்கள் இம்மாவட்டங்களில் அநேகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்ததே அந்தத் துன்பத்தை நீக்குவதற்காகத்தான். ஃபுளோரைடு எலும்பைக் கனக்கச் செய்யும், ஆனால் பலப்படுத்தாது. 1990இல் அமெரிக்க வைத்தியர்கள், எலும்பு மெலிந்த 202 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், சோடியம் ஃபுளோரைடு கொடுக்கப்பட்டவர்களுக்கு நான்கு வருஷத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறிற்று. முதுகெலும்பு முறிவோ குறையவில்லை, மற்ற எலும்புகளின் முறிவு மிகுந்தது. கனம் வேறு, பலம் வேறு என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டுமோ?

நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவில் அடர்த்தி குறையாமலிருந்தும், இடுப்பெலும்பு முறிவு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு நேர்கிறது. இளமையிலேயே தோன்றும் முதல் வகையிலோ அடர்த்தியும் குறைந்து, ஆபத்து பன்மடங்காகிறது. அமெரிக்காவில் வாழும், ஸ்பானிய மொழி வழிவந்த ஹிஸ்பானிய ஜனங்களுக்கு வெள்ளையரைவிட இடுப்பு முறிவு குறைவு என்ற ஆறுதல் நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆனால் பிராங்க்ஸ், சிக்காகோ, மயாமி, சான் டியாகோ ஆகிய நான்கிடங்களில் 2008 முதல் அவர்களுள் 16,000க்கு மேற்பட்டோரைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்ததால், அந்த ஆறுதல் எத்தனை நாளைக்கு என்று ஆராய்ச்சியாளர் கவலைப்படுகின்றனர். பத்துக் கோடிக்கு மேற்பட்ட நீரிழிவுக்காரர்களைக் கொண்ட நம் தேசத்துக்கு அந்தக் கவலை இன்னும் பெரிது. ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு இரவு ஷிப்டு சென்று, பகலெல்லாம் உறங்கி, வெயிலே மேனியில் படாமல் வைட்டமின் டி குறைந்து, முப்பது வயதிலேயே சுகர் மாத்திரை தொடங்கும் இளைஞர்களைக் காண்கையில் என் மனம் பதைக்கிறது; அவர்கள் அறுபதை எட்டும்போது, முப்பது வருஷத்துச் சர்க்கரை அவர்கள் எலும்பில் ஒட்டியிருக்குமே!

எலும்பு பலவீனமாவது பாதிக் கதை. மறு பாதி, விழுவது. நீரிழிவினால் நரம்பு மரத்த பாதம் தரையை உணர்வதில்லை. விழித்திரை கெட்ட கண் படியைக் காண்பதில்லை. மாத்திரையோ இன்சுலினோ மிஞ்சிச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் தலை சுற்றுகிறது. மரத்த பாதத்திலே சிற்றெலும்புகள் வலியின்றியே நொறுங்கி, உள்ளங்கால் உருக்குலைவதும் உண்டு. பயோகிளிட்டசோன் என்னும் மாத்திரை பெண்களுக்கு முறிவை மிகுவிப்பதால், ஒருமுறை எலும்பு ஒடிந்தவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். முறிவைத் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. ஸ்கேன் எண் நன்றாயிருக்கிறதென்று அவற்றை மறுத்துவிடாமல், சர்க்கரை வந்து எத்தனை வருஷம், எத்தனை முறை விழுந்தார் என்பதையும் சேர்த்து யோசித்தே முடிவு செய்யவேண்டும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சுகருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீடு தேடிவந்து கொடுக்கும் அந்தப் பெண்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். "இந்த மாசம் எங்கயாச்சும் விழுந்தீங்களாம்மா?" என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் சேர்த்துக் கேட்டு, பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்களானால், ஸ்கேன் சொல்லாத சேதி அநேகம் வெளிப்படும்.

அந்த மூதாட்டிக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. களி கிளறுவது இப்போது மருமகள். மூதாட்டியோ பக்கத்தில் அமர்ந்து உருட்டித் தருகிறார். பின்வாசற்படியின் விளிம்பிலே மகன் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்து, அதன் மேலே இரவெல்லாம் எரியும்படி ஒரு சிறு விளக்கும் மாட்டியிருக்கிறான்.